கோபுரம் சாய்ந்தால் குற்றம் யாருடையது?

சென்ற பள்ளி விடுமுறையின்போது நமது சங்கத்தின் வாரஇறுதி வகுப்பில் பயிலும் மாணவர்களுக்காக ஒரு சிறு போட்டி நடைபெற்றது. பிள்ளைகளை அழைத்துவந்த தந்தைமார்கள் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று, அவர்களையும், அவர்களோடு வந்திருந்த கடைத் தம்பிமார்களையும் தனி மேசைகளில் அமர்த்திவிட்டார் வகுப்பாசிரியர். போட்டி ஏற்பாடானது பிள்ளைகளுக்காக. பாடம் பெற்றது நாம். அன்று கண்டதையும், கண்டபின் நம் மனத்தை விட்டு அகலாத ஒரு கேள்வியையும் வர்த்தக அன்பர்கள் முன் வைக்கவே இதனை எழுதுகின்றோம்.

போட்டி இதுதான். குழுவுக்கு நான்கு பேர். வேகவைக்காத ஸ்பகெத்திக் குச்சிகள் 20, ஒட்டும் டேப் ஒரு கஜம், நூல் ஒரு கஜம், மார்ஷ்மெல்லோ மிட்டாய் ஒன்று. நேரம் 18 நிமிடம். மேசையின் மேல் எதன்மேலும் சாயாமல் தானே நிற்கும் ஒரு கோபுரம் கட்டவேண்டும். மிட்டாய் அதன் உச்சியில் இருக்கவேண்டும். குச்சியை ஒடிக்கலாம், நூலை வெட்டலாம். மிட்டாயை மட்டும் பிய்த்துக் குறைக்கக் கூடாது. நேரம் முடிந்ததும் மேசையிலிருந்து மிட்டாய் வரை அளப்பார்கள். எவருடையது உயரமோ அவருக்கு வெற்றி.

இங்கே இடையில் ஒரு வார்த்தை. மார்ஷ்மெல்லோ என்பது சர்க்கரையையும் ஜெலட்டினையும் நுரைக்க அடித்துச் செய்யும், பஞ்சுபோன்ற மிட்டாய். ஜெலட்டின் பன்றித் தோலிலிருந்தும் எடுக்கப்படுகிறது. மாட்டிலிருந்தும் மீனிலிருந்தும் எடுக்கப்படுகிறது. ஆகவே ஆசிரியர் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி, ஹலால் முத்திரையுள்ள பொட்டலமாகப் பார்த்து வாங்கிவந்தார். உணவுப் பண்டத்தை விளையாட்டுப் பொருளாக்குவது வீண்விரயம் ஆகாதா என்று பெரியவர் ஒருவர் ஆட்சேபித்தார். நியாயமான ஆட்சேபம். டேப் படாத குச்சிகளையெல்லாம் திரட்டிப் பிற்பகலில் பிள்ளைகளுக்கே சமைத்துக் கொடுக்கப்பட்டது. மிட்டாய் மீந்ததா என்று அன்பர்கள் கேட்கவேண்டியதில்லை.

நிற்க. நம் மேசையில் ஜவுளிக் கடை முதலாளி ஒருவர், நாணயமாற்று வியாபாரி ஒருவர், நாம், ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஆக நால்வர். தம்பி ஊரிலிருந்து வந்து இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. முதல் ஐந்தாறு நிமிடம் யோசனையிலேயே போயிற்று. ஜவுளிக்காரர் தாளில் படம் வரைந்தார். நாணயமாற்றுக்காரர் எத்தனை குச்சி எந்த அடுக்குக்கு என்று கணக்குப் போட்டார். கோபுரம் சவுத் பிரிட்ஜ் ரோட்டிலுள்ள சூலியா பள்ளிவாசலின் மினாராவைப்போல் எண்கோணமாக எழவேண்டும் என்பது நம்முடைய அபிப்பிராயம். அந்த நேரத்தில் அது மிகவும் முக்கியமான விஷயமாக நமக்குத் தோன்றியது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகின்றோம். தம்பி டேப்பை அளவாக வெட்டி வெட்டி நம் விரல்நுனியில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பதினேழாம் நிமிடத்தில் கோபுரம் எழுந்து நின்றது. பார்க்க அழகாகவே இருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி பிஸ்மி சொல்லி மிட்டாயை எடுத்து உச்சியில் செருகினார். கையை எடுத்ததும் கோபுரம் ஒருபக்கமாக வளைந்து, வணக்கம் சொல்வதுபோல் குனிந்து, மேசையில் படுத்துக்கொண்டது.

பிள்ளைகளின் மேசையிலோ வேறு காட்சி. அவர்கள் படம் வரையவில்லை. மூன்று குச்சியை ஒட்டிய உடனேயே மிட்டாயை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டார்கள். விழுந்தது. காலை அகட்டி வைத்தார்கள், நின்றது. அதை உயர்த்தினார்கள், மறுபடி விழுந்தது. சச்சரவு இல்லாமலும் இல்லை. டேப் யார் கையில் இருப்பது என்று ஓர் இழுபறி நடந்தது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தன் அண்ணன் கட்டுவதைப் பார்த்து, “காக்கா, இது விழப்போவுது” என்றாள். சொன்னபடியே விழுந்தது. அவன் அவளைக் கோபிக்கவில்லை. பிரித்து வேறு மாதிரி கட்டினான். நேரம் முடிந்தபோது அவர்களுடைய கோபுரம், கோணல்மாணலாக, இரண்டரைச் சாண் உயரத்தில் மிட்டாயைச் சுமந்துகொண்டு நின்றது.

நம் மேசையில் சிதறிக் கிடந்த குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டே தம்பி மெதுவாகச் சொன்னார்: “நான் அப்பவே நெனச்சேன் முதலாளி. மிட்டாயைக் கையில எடுத்துப் பாத்தப்பவே கனமாத் தெரிஞ்சுது.”

“அப்ப ஏன் தம்பி சொல்லல?”

“பெரியவங்க பேசிக்கிட்டிருந்தீங்க.”

எல்லோரும் சிரித்துவிட்டோம். வீடு திரும்பிய பிறகுதான் அந்தச் சிரிப்பு நெஞ்சில் குத்தத் தொடங்கிற்று. தெரிந்தும் சொல்லாமல் இருந்தாரே, அது அவர் குற்றமா? கேளாமல் இருந்தோமே, அது நம் குற்றமா? மூத்தோர் பேசும்போது இளையோர் வாய் திறவாமை நல்ல அதபு என்றுதான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். நம் பிள்ளைகளையும் வளர்க்கின்றோம். அந்த அதபே ஒரு கூட்டத்தைக் குப்புறத் தள்ளுமானால், அதை நன்மை என்பதா, தீமை என்பதா?

இப்போட்டி நம் ஆசிரியர் கற்பனையில் உதித்ததன்று. பீட்டர் ஸ்கில்மன் என்ற வடிவமைப்பாளர் இதை உருவாக்கி, 2006-ல் அமெரிக்காவில் டெட் மாநாட்டில் எடுத்துரைத்தார். பிறகு டாம் வூஜெக் என்பவர் பல நாடுகளில் பலதரப்பட்ட மக்களிடம் இதை நடத்திப் பார்த்து, கண்டவற்றை 2010-ல் அதே மேடையில் சொன்னார். வணிகக் கல்லூரியில் பயின்று புதிதாக வெளிவந்தவர்களே மிக மோசமாகக் கட்டியவர்களில் சேர்ந்தார்கள் என்றும், பாலர் பள்ளியை முடித்த பிள்ளைகள் அவர்களைவிட நன்றாகக் கட்டினார்கள் என்றும் அவர் கூறினார். கட்டடக் கலைஞரும் பொறியாளரும் எல்லோரையும் மிஞ்சினார்கள். அது அவர்கள் தொழில்.

அவர் சொன்னவற்றுள் வர்த்தகர்களாகிய நமக்கு வேண்டியவை வேறு இரண்டு. பெரிய கம்பெனிகளின் தலைமை நிர்வாகிகள் தனியே கட்டியபோது சராசரியைவிடச் சற்றே மேலாகத்தான் கட்டினார்கள். அவர்களுடைய அலுவலகக் காரியதரிசி ஒருவரை அதே மேசையில் சேர்த்ததும் உயரம் நன்றாகக் கூடிவிட்டது. எவர் பேசுகிறார், எவர் பேசாமல் இருக்கிறார், எந்த வேலை பாக்கி, எவ்வளவு நேரம் பாக்கி என்று கவனிப்பதே அவர்கள் அன்றாடத் தொழில் அல்லவா! நம் பாட்டனார் காலத்துக் கடைகளில் கணக்கப்பிள்ளை செய்த வேலையும் அதுதான். மற்றொன்று, வடிவமைப்பு மாணவர்கள் பத்துக் குழுவினருக்கு, வெல்பவர்க்கு 10,000 டாலர் மதிப்புள்ள கணினி மென்பொருள் பரிசு என்று அறிவித்தாராம். பத்தில் ஒரு கோபுரமும் நிற்கவில்லை. அதே மாணவர்கள் கட்டிப் பார்த்துத் திருத்தும் வழக்கத்தைக் கற்றுக்கொண்டு சில மாதம் கழித்து மறுபடி வந்தபோது, மிக உயர்ந்த கோபுரங்களைக் கட்டியவர்களில் இடம்பெற்றார்கள். போனஸ் கூட்டிக் கொடுத்தால் கடை தானே உயர்ந்துவிடும் என்று எண்ணும் அன்பர்கள் இதைச் சற்று யோசிக்கவேண்டும்.

கோபுரம் ஏன் வளைகிறது? நீண்ட மெல்லிய குச்சியை மேலிருந்து அழுத்தினால் அது நொறுங்குவதற்கு முன் வில்லாக வளைந்துவிடும். எவ்வளவு பாரத்தில் வளையும் என்பதை ஆய்லர் என்னும் கணித மேதை 18-ம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். அதே குச்சியை இரு மடங்கு நீளமாக்கினால் தாங்கும் சக்தி பாதியாகக் குறைவதில்லை, கால்வாசியாகக் குறைந்துவிடுகிறது. இரு மடங்கு உயரத்துக்கு ஆசைப்பட்டவனுக்கு நாலு மடங்கு பலவீனம்! ஆகையால்தான் குட்டையான குச்சிகளை முக்கோணமாகக் கட்டவேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆய்லரைத் தெரியாது. மிட்டாயை வைத்துப் பார்த்ததால் தெரிந்துகொண்டார்கள். நாமோ மிட்டாய் என்றால் பஞ்சு, அதற்கென்ன எடை என்று எவரும் சொல்லாமலே தீர்மானித்துக்கொண்டு மினாராவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

இது விளையாட்டு, விழுந்தால் சிரிக்கலாம். சிரிக்க முடியாத ஓர் உதாரணம் நம் கடைவீதியிலேயே நடந்தது. 1986 மார்ச் 15, சனிக்கிழமை. சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சந்திக்கும் இடத்திலிருந்த ஆறு மாடி லியான் யாக் கட்டடம், ஹோட்டல் நியூ வேர்ல்ட் என்று பலரும் அறிந்தது, ஒரு நிமிடத்துக்குள் இடிந்து மண்ணாயிற்று. 33 பேர் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். அன்று அவ்வழியே கடைக்குப் போன நம்மவர் பலர் இன்றும் அதைச் சொல்வார்கள். விசாரணைக் குழு கண்ட காரணம், கேட்பவரைத் திடுக்கிடச் செய்வது. தூண்கள் எவ்வளவு தாங்கவேண்டும் என்று கணக்கிட்டபோது, உள்ளே வரும் மனிதர், சாமான் ஆகியவற்றின் பாரத்தைச் சேர்த்தார்கள். கட்டடத்தின் சொந்தப் பாரத்தைச் சேர்க்கவே இல்லை. சுவருக்கும் தரைக்கும் தூணுக்கும் எடை உண்டு என்பதை விட்டுவிட்டார்கள்.

அக்கட்டடம் 1971-ல் எழுந்தது. பதினைந்து ஆண்டுகள் நின்றது. நிற்கிறது என்பதையே அது சரியாக இருக்கிறது என்பதற்குச் சான்றாக எல்லோரும் கொண்டிருப்பார்கள். “நம் கடை முப்பது வருஷமாக இப்படித்தான் நடக்கிறது” என்று நாம் சொல்வதில்லையா? அதன்பின் 1989-ல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு பொறியாளர் போட்ட கணக்கை, அவரோடு சம்பந்தமில்லாத மற்றொரு பொறியாளர் சரிபார்க்கவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. முதலில் போட்டவரின் மனம் நோகுமே என்று சட்டம் பார்க்கவில்லை. இரண்டாவது மனிதர் வாய் திறப்பதைக் கடமையாக்கிவிட்டது.

இனி, தம்பியிடம் திரும்புவோம்.

மஷூரா, அதாவது கலந்தாலோசனை, நமக்குப் புதிதன்று. திருமறையின் 42-வது அத்தியாயத்துக்கே ‘ஷூரா’ என்று பெயர். ஆனால் மஷூரா என்றதும் நாம் நினைப்பது என்ன? பெரியவர்கள் கூடிப் பேசி, சிறியவர்களுக்கு முடிவை அறிவிப்பது. நாயகம் (ஸல்) அவர்களின் சரித்திரம் அப்படிக் காட்டவில்லை. ஹிஜ்ரி 2-ல் பத்ருக்குப் போகும் வழியில் பெருமானார் ஓரிடத்தில் பாளையம் இறங்கினார்கள். மதீனத்து அன்ஸாரியான ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) அவர்களுக்கு அந்த இடம் சரியாகப் படவில்லை. அவர் என்ன செய்தார்? “இது தவறு” என்று சொல்லவில்லை. இந்த இடம் இறைவன் அறிவித்ததா, அல்லது போர்த் தந்திரத்தை முன்னிட்ட தங்கள் அபிப்பிராயமா என்று முதலில் கேட்டார். இறைவன் கட்டளையானால் பேச்சே இல்லை. அபிப்பிராயம்தான் என்று பெருமானார் சொன்ன பிறகே, எதிரிக்கு அருகிலுள்ள கிணற்றண்டை இறங்கலாம் என்ற தம் யோசனையை வைத்தார். பெருமானார் ஏற்றுக்கொண்டு இடத்தை மாற்றினார்கள். மரியாதைக்கும் உண்மைக்கும் பகையில்லை என்பதை இதைவிட அழகாக எவர் காட்ட முடியும்? கேள்வியாகக் கேட்டது ஹுபாபின் அதபு. கேட்கக்கூடிய முகத்தோடு இருந்தது தலைவரின் அதபு.

ஹிஜ்ரி 5-ல், கி.பி. 627-ல், மதீனாவைச் சூழப் பெரும்படை வந்தபோது அகழி தோண்டும் யோசனையைச் சொன்னவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள். அரபுகள் அறியாத உபாயம் அது. சொன்னவரோ அடிமைத் தளையிலிருந்து விடுபட்டவர். குலமோ கோத்திரமோ அந்த ஊரில் இல்லாதவர். நம் கடைகளில் அவருக்குச் சமமானவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பின்கட்டில் பாத்திரம் தேய்ப்பவர். வந்து ஆறு மாதம் ஆனவர். பாஷை சரியாகப் பேச வராதவர். அகழி தோண்டும்போது பெருமானாரே மண் சுமந்தார்கள் என்பதும் அன்பர்கள் அறிந்ததே.

இத்தோடு நிறுத்திவிட்டால் விஷயம் சுலபமாகிவிடும். உஹதையும் சொல்லவேண்டும். ஹிஜ்ரி 3-ல், ஊருக்குள்ளேயே இருந்து எதிர்க்கலாம் என்பது பெருமானாரின் எண்ணமாக இருந்தது. வெளியே போய் எதிர்க்கவேண்டும் என்று இளைஞர் பலர் ஆர்வம் காட்டினார்கள். அவர்கள் விருப்பத்துக்கு இணங்கினார்கள். பின்னர் அவர்களே மனம் வருந்தித் தங்கள் எண்ணப்படியே செய்யுங்கள் என்றபோது, கவசம் அணிந்த பின் களைவதில்லை என்று புறப்பட்டுவிட்டார்கள். உஹதில் முஸ்லிம்கள் பட்ட துன்பம் பெரிது. அதன்பின் என்ன கட்டளை வந்தது? இனி இளைஞர்களைக் கேட்காதீர் என்றா? ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159-வது வசனம் உஹதை ஒட்டியே இறங்கியது. அவர்களை மன்னிக்குமாறும், காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிக்குமாறும், தீர்மானித்துவிட்டால் இறைவன்மீது பாரத்தைப் போடுமாறும் அது பணிக்கிறது. கேட்டுச் செய்த காரியம் கசந்த பிறகும் கேட்பதை விடாதே என்பது, முதலாளிமார்களாகிய நமக்கு எவ்வளவு கடினமான கட்டளை! “சின்னப் பையன் பேச்சைக் கேட்டுக் கெட்டேன்; இனிக் கேட்கமாட்டேன்” என்று ஒரே நஷ்டத்தோடு கதவைச் சாத்திவிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஆகவே நம் மனத்தில் பட்டதைச் சொல்லுகின்றோம். தம்பியின் மௌனத்தில் குற்றம் இல்லாமல் இல்லை. அறிந்ததைச் சொல்வது அமானத். ஆனால் அது சிறிய பங்கு. பெரிய பங்கு நம்முடையது. மிட்டாயை முதலில் கையில் எடுத்தவர் அவர்தான். எடுத்தவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க நமக்கு நேரமில்லை. அதிகாரம் உள்ளவன் கேட்கக் கடமைப்பட்டவன். வேலைக்கு அஞ்சி, விசாவுக்கு அஞ்சி, ஊரில் காத்திருக்கும் குடும்பத்துக்காக அஞ்சி இருப்பவனிடம் போய், நீ ஏன் துணிந்து பேசவில்லை என்று கேட்பது நியாயமாகத் தோன்றவில்லை.

“பிள்ளைகளுக்கு முதல் இல்லை, நஷ்டமும் இல்லை; அவர்கள் பத்துத் தடவை விழுந்து எழலாம். நாங்கள் வாடகை கட்டுகிறவர்கள், விழுந்து பார்க்க முடியுமா?” என்று அன்பர்கள் கேட்கலாம். முடியாது, அதனால்தான் சிறியதாக விழுந்து பார்க்கவேண்டும் என்கின்றோம். பழைய ஜவுளி வியாபாரிகள் பத்து உருப்படி மாதிரி வரவழைத்து, விற்றுப் பார்த்த பிறகே பேல் கணக்கில் ஆர்டர் போட்டார்கள். அந்தப் பழக்கம் நம்மைவிட்டு எப்போது போயிற்று என்று தெரியவில்லை.

நமக்குத் தெரிந்த மூன்று பங்காளிகள் புதிய உணவகம் திறக்க முனைந்தார்கள். பெயர்ப்பலகை எந்த நிறம், திறப்பு விழாவுக்கு எவரை அழைப்பது, லாபத்தில் எவருக்கு எத்தனை பங்கு என்று மூன்று மாதம் பேசினார்கள். முன்பணம் கட்டியாயிற்று, மேசை நாற்காலியும் வந்தாயிற்று. அடுப்படியில் நிற்கப்போகும் மாஸ்டரை மட்டும் ஒருநாளும் அழைத்துப்போய் இடத்தைக் காட்டவில்லை. கடைசி வாரம் அவர் வந்தார். உள்ளே நுழைந்து, தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்து, “புகை எங்கே போகும் பாய்?” என்று கேட்டார். புகைக்குழாயை மேலே கொண்டுபோக வழியில்லை, மேல்மாடிக்காரர் சம்மதிக்கவில்லை. முன்பணமும் போயிற்று, பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தையும் போயிற்று. ஒருவர்மீது ஒருவர் சொல்லும் குற்றச்சாட்டு இன்னும் ஓயவில்லை. மாஸ்டரை முதல் நாளே அழைத்துப்போக ஒரு டாக்சிச் செலவுதான் ஆகியிருக்கும்.

வரும் விடுமுறையிலும் இப்போட்டியை நடத்த ஆசிரியர் இசைந்திருக்கிறார். இம்முறை தந்தையும் பிள்ளையும், முதலாளியும் தம்பியும் ஒரே மேசையில் அமரவேண்டும் என்பது ஏற்பாடு. நம் மேசையில் அதே நால்வர்தான். மிட்டாய் தம்பியின் கையில் இருக்கும். டேப்பை வெட்டிக் கொடுக்கும் பொறுப்பை ஜவுளிக் கடை முதலாளி கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.